ஸ்டேசன் அங்கிள் படித்த அவுஸ்திரேலியா

வெள்ளவத்தையைப் பிறப்பிடமாகவும், எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்ப் படிக்கட்டுச் சுவரை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட பெரிய மணிக்கூடு, கடந்த ஒரு மாதமாக மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பதை உற்றார், உறவினர், வாடகைக்கு இருப்போர், வாடகை கேட்டு வருவோர் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறேன். மலர்வளையங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.

இந்த அறிவித்தலின் முதல் பாதியை அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மனதுக்குள் எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் படி இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பின்னேரம் முள்ளை மூன்று நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டவன் நான்தான். ஒவ்வொரு பின்னேரமும் நான் தள்ளுவேன். ஒவ்வொரு காலையும் ஆறேகால் ரயில் கடற்கரைப் பாதையால் போனதைப் பார்த்துவிட்டு, ஸ்டேசன் அங்கிள் இறங்கி வந்து திருத்துவார். யார் தள்ளுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று ஏழு மணியாகியும் முள் நான் வைத்த இடத்திலேயே நின்றது. கடைசியில் மனிதர் களைத்துவிட்டார், வெற்றி எனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மேலேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"மயூ, ஓடிப்போய் ஒரு ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வா. ஸ்டேசன் அண்ணை கதிரையில இருந்தபடி சரிஞ்சு கிடக்கிறார்."

ஓட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனது. ஆனால் அவர் ஆறேகால் ரயிலுக்கு முன்பே போய்விட்டார் என்று அங்கே சொன்னார்கள். வாழ்க்கையில் அவர் நேரத்துக்கு முன்பாகப் புறப்பட்டது அது ஒருமுறைதான்.

இந்த முப்பத்தொராம் நாள் நினைவு மலரில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நடுவில் நான் எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய மகள் வதனி அக்கா சிட்னியிலிருந்து போன் எடுத்து, "மயூரன் எழுதட்டும், அவர்தானே பரிசு எடுத்த எழுத்தாளர்" என்று சொன்னார். அது உண்மை. கைதிகளின் குடியேற்றங்கள் அவுஸ்திரேலியா என்ற ஒரே நாடாகிய கதையை எழுதி, எங்கள் பாடசாலைக் கட்டுரைப் போட்டியில் முதற் பரிசு பெற்றவன் நான். ஸ்டேசன் அங்கிளை விசா நேர்முகத்துக்குத் தயார்ப்படுத்தியவனும் நானே. முப்பது வருடம் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டிய மனிதருக்குப் பதினாறு வயதில் நான் வழி காட்டினேன். இதைத் தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு: திரு. அருளையா, இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர். யுத்தத்தால் வடக்குக்கான ரயில் நின்றுபோன பிறகு, அவர் கடைசியாகப் பொறுப்பாக இருந்த நிலையத்தின் தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவரும் மனைவி சரஸ் அன்ரியும் ஒரு சூட்கேசோடு கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அறையை எடுத்தார்கள். பல்கனியில் நின்றால் ரயில் பாதை தெரியும் என்பதால் மட்டுமே அந்த அறை. தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறாது என்பதை வீட்டுக்காரர் சொன்னபோது, "எஞ்சினுக்குத் தண்ணி வேணும், எனக்கேன்" என்றாராம்.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அன்ரி சிட்னிக்குப் போனார். இரண்டு மாதத்தில் திரும்பியிருக்க வேண்டும். அங்கே பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விமானத்தில் ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கிள் போய்ப் பார்க்க விசா கேட்டார். முதல் முறை மறுத்தார்கள். இரண்டாவது விண்ணப்பத்துக்கு நேர்முகம் வைத்திருந்தார்கள். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்: ஒரு தடவை போய் அன்ரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"ரப்லற் இன்னும் வரேல்ல தம்பி," என்பார் விசாவைப் பற்றிக் கேட்டால். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம்வரை போவதற்கு அனுமதியாக நிலைய அதிபர் ஓட்டுநரின் கையில் கொடுக்கும் தகடுதான் ரப்லற். அது கையில் இல்லாமல் ரயில் அசையக்கூடாது. "சிக்னல் பச்சையாய் இருந்தாலும் அசையக்கூடாது. முன்னால பாதை வெறுமையாய் இருக்குது எண்டு கண்ணால கண்டாலும் அசையக்கூடாது. ரப்லற் வந்தால்தான்."

நேர்முகத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "அங்கிள், என்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன்ர மாமாவை விசா நேர்முகத்தில முழுக்க அவுஸ்திரேலியச் சரித்திரம்தான் கேட்டவங்களாம். ஒரு கேள்விக்கு மறுமொழி தெரியாமல் மனுசனைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்களாம்."

அவர் சந்தேகப்படவில்லை. அவருக்கு அது இயல்பாகவே பட்டது. "சரிதானே. பாதை தெரியாத றைவரைப் புதுப் பாதையில விடமாட்டம். நாலு தரம் போய்ப் பாத்து, தெரியும் எண்டு கையெழுத்து வைச்சால்தான் விடுறது. அவங்கட நாடு, அவங்கட பாதை." மறுநாளே நூலகத்துக்குப் போய்த் தலையணை அளவு புத்தகமொன்றைக் கொண்டுவந்தார். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கித் தமிழில் எழுதத் தொடங்கினார். நிலையப் பதிவேட்டுக் கையெழுத்து, ஒரு எழுத்தும் கோட்டை விட்டு இறங்காது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கொப்பியை என்னிடம் தருவார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேள்விகள் தயாரித்துக்கொண்டு வருவேன். பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம், பாதையோரக் கல்லில் இருந்து நேர்முகம் நடத்துவேன். நான்தான் விசா அதிகாரி. கோட்டுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி.

"மிஸ்டர் அருளையா, முதல் கப்பல்களில் வந்தது ஆர்?"

"களவெடுத்த சனம், சேர். பாண் களவெடுத்தவன், கைலேஞ்சி களவெடுத்தவள். இங்கிலாந்தில மறியல்வீடு நிரம்பிப்போச்சு. அதால பதினொரு கப்பலில ஏத்திக் கடலுக்கு அங்கால அனுப்பினவை."

"பேந்து?"

"பேந்து நன்னடத்தைக்கு ஒரு ரிக்கெற் குடுத்தவை. அது இருந்தால் வெளியில வேலை செய்யலாம். ஆனா அந்த டிஸ்ட்ரிக்டை விட்டு அசையக்கூடாது. எந்த நேரமும் கையில வைச்சிருக்க வேணும், கூப்பிட்டால் போய் முகத்தைக் காட்ட வேணும்." இதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தட்டினார். அதற்குள், வடக்கிலிருந்து வந்த தமிழர் கொழும்பில் எந்நேரமும் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது. "நானும் அப்பிடி ஒண்டு வைச்சிருக்கிறன், சேர். என்ன களவெடுத்தனான் எண்டுதான் ஞாபகம் வரேல்ல."

இன்னொரு நாள், அந்த நாட்டில் முதலே இருந்த மக்களைப் பற்றிய பகுதி வந்தது. ஆறு குடியேற்றங்களும் சேர்ந்து அரசியலமைப்பு எழுதியபோது சனத்தொகையில் அவர்களைச் சேர்க்காமல் விட்டதை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினார். "சொந்த ஸ்டேசன்ல நிண்டவனைப் பாத்து, உன்னட்ட ரிக்கெற் இல்லை எண்டமாதிரி," என்றார். பிறகு, "இதைக் கேட்டால் என்ன சொல்லுறது, தம்பி? உள்ளதைச் சொல்லலாமோ?" நான், கேட்கமாட்டார்கள் அங்கிள் என்றேன்.

அவரை உண்மையில் பிடித்துக்கொண்டது ரயில் பாதைதான். ஒவ்வொரு குடியேற்றமும் மற்றதைக் கேட்காமல் தன் எண்ணத்துக்கு ஒரு அகலத்தில் தண்டவாளம் போட்டிருந்தது. எல்லைக்கு வந்தால் பயணிகள் இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு மற்ற ரயிலுக்கு மாறவேண்டும். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்தார். "நியூ சவுத் வேல்ஸ் நாலடி எட்டரை அங்குலம். குயின்ஸ்லாந்து மூண்டடி ஆறங்குலம். விக்ரோறியா ஐஞ்சடி மூண்டங்குலம். விசர்க் கூட்டம்." அது முடிந்து, கடற்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூண்டு அகலத்தை வைச்சுக்கொண்டு அவங்கள் ஒரு நாடாகிட்டாங்கள். எங்களுக்கு மாத்தறையில இருந்து காங்கேசன்துறை மட்டும் ஒரே அகலம், ஐஞ்சடி ஆறங்குலம்." அப்போது ஒரு ரயில் வந்தது. கை மணிக்கூட்டைப் பார்த்து, "நாலு நிமிசம் லேற்" என்றார்.

ஒரு பின்னேரம் அந்தக் கல்லில் இருக்கும்போது இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். யோசித்துப் பாருங்கள், யுத்த காலத்தில், ரயில் பாதையோரத்தில், ஒரு தமிழ்க் கிழவரும் ஒரு பெடியனும். கையில் கொப்பி. கொப்பியில் துறைமுகப் படம், பதினொரு கப்பல், தண்டவாளத்தின் அகலம் அங்குலக் கணக்கில். நான் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன், இவ்வளவு கச்சிதமாக ஒன்றை அமைத்ததில்லை.

"மொனவத மே?" என்றார் ஒருவர் கொப்பியைப் புரட்டியபடி. இதெல்லாம் என்ன என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கடையில் பேரம் பேசினால் முதலாளியே என்னை மல்லி, அதாவது தம்பி, என்பார். அன்று நான் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அங்கிள் எழுந்து நின்று, தொப்பி இல்லாத தலையில் தொப்பி இருப்பதுபோல நிமிர்ந்து, சிங்களத்தில் சொன்னார். இது இந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டுரை, நான் எழுத உதவி செய்கிறேன் என்று. ஆனாலும் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருந்தோம். கடைசியில் ஒரு வயதான சார்ஜன், அங்கிள் ரம்புக்கனை ஸ்டேசனில் வேலை செய்த காலத்தில் அதே ஊரில் இருந்தவராம், கொப்பியைத் திருப்பித் தந்து, "மஹத்தயா, கடற்கரையில் படிப்பிக்க வேண்டாம், வீட்டில் படிப்பியுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

வரும்போது நான் கேட்டேன். "ஏன் அங்கிள், கட்டுரை எண்டு பொய் சொன்னனீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் நடந்தார். "ரயில்வே றூல் புத்தகத்தில பொய் சொல்லக்கூடாது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை, தம்பி. விபத்து நடக்கக்கூடாது எண்டுதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்னிக்குப் போன் எடுக்கக் காலி வீதியிலிருந்த கொமியூனிகேசன் கடைக்குப் போவார். அங்கே வதனி அக்கா ரிசீவரை அன்ரியின் காதில் வைத்துப் பிடிப்பார். பேசமுடியாதவரோடு ஒவ்வொரு கிழமையும் எதைக் கதைப்பது? முதலில் சாப்பாட்டைச் சொன்னார், மழையைச் சொன்னார். அவையும் தீர்ந்துபோயின. பிறகு படித்த அத்தியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். கடையின் போன் கூட்டினுள் நானும் நெருக்கிக்கொண்டு நிற்பேன்.

"சரஸ், இண்டைக்குத் தங்கம் கண்டுபிடிச்சிட்டாங்கள். சனம் விழுந்தடிச்சுக்கொண்டு போகுது. கப்பல்காரர்கூடக் கப்பலை விட்டிட்டு ஓடுறாங்களாம். நீர் படுத்திருக்கிற இடத்துக்குக் கிட்டத்தான் ஒரு பகுதி."

மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அது மட்டும்தான் அன்ரிக்கு வரும். அதற்காக அவர் ஆறு நாள் படித்தார்.

நேர்முகம் நடந்தது. காலை ஆறு மணிக்கே வெள்ளைச் சேட்டும் கறுத்தச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து பல்கனிக் கதிரையில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை சப்பாத்தைக் கழற்றவில்லை.

"என்ன கேட்டவங்கள், அங்கிள்?"

"ஒரு கேள்விதான். போனால் திரும்பி வருவீரோ எண்டு."

"நீங்க?"

"நான் நினைச்சன், இதுதான் சரித்திரக் கேள்வி, சுத்தி வளைச்சுக் கேக்கிறார் எண்டு. தொடக்கத்தில இருந்து சொன்னன். சேர், உங்கட நாட்டுக்கு முதல் வந்தவையும் ஏழு வருசத்துக்கெண்டுதான் வந்தவை. தண்டனை முடிஞ்சும் கனபேர் திரும்பேல்ல. நிண்ட இடத்தை ஊராக்கிச்சினம். ஊர் குடியேற்றமாச்சு, குடியேற்றம் நாடாச்சு. அவர் பேனையை மூடிப்போட்டார். ஆனா நான் திரும்பி வருவன், எனக்கு இங்க ஒரு ஸ்டேசன் இருக்கு எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்கிடையில நன்றி எண்டிட்டார்."

குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, "நீர் சொல்லித்தந்ததெல்லாம் ஒண்டும் விடாமல் சொன்னனான், தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்.

கடிதம் இரண்டு கிழமையில் வந்தது. விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்ற திருப்தி ஏற்படவில்லை என்று அதில் இருந்தது. அவர் அதை நான்காக மடித்து றூல் புத்தகத்துக்குள் வைத்தார். அம்மா, "அண்ணை, சரஸ் அக்காவுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார். "கதை முடியட்டும், பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு கதை முடியவே இல்லை. கொப்பியில் எல்லாம் எழுதி முடித்திருந்தார், கடைசிப் பக்கத்தில் ஆறு குடியேற்றங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் தொலைபேசியில் அவை சேரவில்லை. ஒரு ஞாயிறு தலைவர்கள் கூட்டம் போட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே கூட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். "மேற்கு அவுஸ்திரேலியா மாட்டனெண்டு நிக்குது, சரஸ். தங்களுக்கு ரயில் பாதை போட்டுத் தந்தால்தான் சேருவினமாம்." மறு ஞாயிறும் அது மாட்டேனென்றுதான் நின்றது. கதை முடிந்தால் விசா என்னாயிற்று என்ற அடுத்த பேச்சு வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன். மணிக்கூட்டு முள்ளைத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. அதையாவது அவர் திருத்தலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

அப்படி ஐந்து ஞாயிறுகள். ஆறாவதற்கு முன் அந்தச் செவ்வாய் வந்துவிட்டது.

கிரியைகள் கல்கிசையில் நடந்தன. மகளால் வரமுடியவில்லை, தாயை விட்டுவர ஆள் இல்லை. அவர் பார்த்த ரயில் பாதையைக் கடந்துதான் கொண்டுபோனோம். கேற் பூட்டியிருந்தது, ரயில் போகும்வரை பெட்டியோடு நின்றோம். எத்தனை நிமிடம் பிந்தியது என்று யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கொப்பி. வதனி அக்காதான் வைத்துக்கொள் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நான் கொமியூனிகேசனிலிருந்து எடுத்தபோது அவர் இன்னொன்றும் கேட்டார். "அம்மாவுக்கு எல்லாம் சொல்லியாச்சு, தம்பி. ஆனா ஞாயிறு அந்த நேரத்துக்கு இன்னும் போனைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. அப்பா கதையை முடிக்கேல்ல. நீர்தானே பரிசு எடுத்தனீர், மிச்சத்தை ஒருக்கா அவவுக்குச் சொல்லிவிடும்." ரிசீவர் அன்ரியின் காதுக்குப் போனது. மூச்சுச் சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

எப்படி வரும்? நான் அதை ஒருநாளும் படித்ததில்லை. இரத்மலானை பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கழற்றி ஆசிரியர் அறைக் கதவில் மாட்டியதற்குத் தண்டனையாக, சரித்திர ரீச்சர் கட்டுரைப் போட்டிக்கென்று எனக்குக் கொடுத்த தலைப்பு அது. "குற்றவாளிகளைப் பற்றி எழுது, உனக்குப் பொருந்தும்" என்றார். எழுதப் பஞ்சியில், எனக்குப் பதிலாக அங்கிளைப் படிக்கவைக்க, வகுப்புப் பெடியனுக்கு ஒரு மாமாவை நான்தான் உண்டாக்கினேன். அப்படி ஒரு மாமாவும் இல்லை, அப்படி ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி தயாரிக்க என்று வாங்கிப்போன கொப்பியைப் பார்த்து எழுதினேன். அதற்குத்தான் பரிசு. அந்தக் கட்டுரையை அம்மா மேசையில் வைத்திருந்தபோது ஸ்டேசன் அங்கிள் எடுத்து முழுக்க வாசித்தார். பேனையைக் கேட்டு வாங்கி ஓரிடத்தில் திருத்தினார். "விக்ரோறியா ஐஞ்சடி மூண்டங்குலம். நீர் எழுதியிருக்கிறது எங்கட அகலம்." அவ்வளவுதான், பேனையைத் திருப்பித் தந்தார். அந்த ஞாயிறே கொமியூனிகேசனில் நின்று, "சரஸ், எங்கட முன்வீட்டுப் பெடியனுக்கு முதற் பரிசு" என்றார்.

போன ஞாயிறு நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்து, திரும்பவும் சிட்னிக்கு எடுத்தேன். மூச்சு வாங்க வாங்க வாசித்தேன். மேற்கு அவுஸ்திரேலியா கடைசியாகச் சம்மதித்தது. ஜனவரி முதலாம் நாள் ஆறும் ஒன்றாகின. "முடிஞ்சுது, அன்ரி" என்றேன். அன்ரி "ம்" என்றார்.

அன்ரி, இந்த மலரை வதனி அக்கா உங்களுக்கு வாசிப்பார். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று நீங்கள் கேட்டது என் கதையல்ல, அவருடைய கையெழுத்து. நான் வாசிக்க மட்டும்தான் செய்தேன். அதிலும் விக்ரோறியாவின் பாதையைத் திரும்பவும் ஐந்தடி ஆறங்குலம் என்று வாசித்துவிட்டேன். இந்த முறை ஒருவரும் திருத்தவில்லை.